வரதன் மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை

அப்பா இறந்த செய்தியை எங்கள் நகரின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான்தான். அவருடைய போனிலிருந்தே போட்டேன். 'எங்கள் அப்பா மதுரைவீரன் இன்று காலை காலமானார். மாலையில் எடுக்கிறோம். ஜோதிகா.' போட்டதுமே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தக் குரூப்பில் வரதன் மாமா இல்லை. அவரை அதிலிருந்து நீக்கியவர் அப்பா.

அப்பா பிறந்தது ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில், ஏரிக்குக் கீழே. அவருடைய அப்பா வரதன் மாமா குடும்பத்தின் நிலத்தில் கூலி வேலை பார்த்தார். அறுப்பு முடிந்தால் களத்து வாசலில் நின்று கூலி நெல்லை வாங்கிக்கொண்டு வருவார். உள்ளே போகும் வழக்கம் இல்லை. வரதன் மாமா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எந்தக் காலத்தில் இங்கே வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மாமாவின் முழுப் பெயர் வரதராஜுலு. பள்ளிச் சான்றிதழைத் தாண்டி அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நிலமெல்லாம் மனையாகிவிட்டது. மாமாவின் அப்பா விற்றார், குடித்தார். கடைசியில் ஒரு வீடும் அதன் பின்னால் கொஞ்சம் இடமும் மிஞ்சின. களத்துக்காரர் மகனும் களத்து வாசலில் நின்றவர் மகனும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிரஸ் மெஷினில் தகட்டை வைத்து, பெடலை மிதித்து, வெட்டி எடுக்கும் வேலை. பக்கத்துப் பக்கத்து மெஷின். ஆவடியில் ரயிலேறி பட்டரவாக்கத்தில் இறங்குவார்கள்.

அந்த ரயிலில்தான் மாமா அப்பாவுக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார். முதலில் கெட்ட வார்த்தைகள். பிறகு சூப்பர்வைசரை அவர் எதிரிலேயே கிண்டல் செய்யத் தேவையான அளவு. பிறகு எல்லாமும். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். அம்மா திட்டினால் தெலுங்கில் பதில் சொல்வார். என் அம்மா பேபிக்கு ஒரு சொல்லும் புரியாது.

"தமிழ்ல பதில் சொல்ல துப்பில்ல. கொல்டி பாஷைல மொணகுது பாரு" என்பார் அம்மா.

கொல்டி என்பது தெலுங்குக்காரர்களைச் சீண்டுவதற்கு இங்கே புழங்கும் சொல். அப்பா வரதன் மாமாவை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார். எஸ்டேட் டீக்கடையில் சின்ன வயதில் நானே கேட்டிருக்கிறேன்.

"டேய் கொல்டி, இன்னிக்கு டீ உன்னுது."

"உனுக்கு டீ வாங்கிக் குடுத்தே என் நெலம் மொத்தமும் பூடுச்சு மாமே."

"அது உங்க நைனா குடிச்சுது. என் தலைல கட்டாத."

இருவரும் சிரிப்பார்கள். கடைக்காரரும் சிரிப்பார். பிறகு மாமாதான் டீக்குக் கொடுப்பார்.

ஒரு மழை நாளில் பிரஸ் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களைப் பாதியோடு எடுத்தது. ஒரு மிதிக்கு ஒரு முறை இறங்க வேண்டிய மெஷின், இன்னொரு முறை தானாக இறங்கிவிட்டது. மாமா தன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி, ஆட்டோவில் அப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் அப்பா வலியில் தெலுங்கில் திட்டிக்கொண்டே வந்தாராம். "நான் கத்துக்குடுத்த மொத்தத்தையும் எனுக்கே திருப்பிக் குடுத்துட்டான்" என்று மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அப்பா நகர் நலச் சங்கத்தில் சேர்ந்தார். நான் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். விரல்கள் ஒத்துழைக்காததால், வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும்படி அமைத்துக் கொடுத்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீடு வீடாகப் போய் நம்பர் வாங்கி சங்கத்துக்கு ஒரு குரூப் தொடங்கினார். குப்பை வண்டி வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை, யார் வீட்டில் காதுகுத்து, எல்லாம் அதில்தான். அவர்தான் அட்மின். அந்தப் பதவியைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

போன மழைக்காலத்தில் தெருவில் ஒரு பைக் திருட்டுப்போனது. புதிதாகக் குடிவந்த ஜெகன் என்பவர் குரூப்பில் ஒரு ஆடியோவைப் போட்டார். யாரோ எங்கோ பேசியது. வடக்கன் எல்லாம் திருடன், அழுக்கன், கண்ட இடத்தில் துப்புகிறவன், அவனுக்கு வீடு கொடுக்காதீர்கள் என்று ஒரு குரல் ஆவேசமாகச் சொன்னது. எங்கள் தெரு பைக்குக்கும் அந்தக் குரலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்பா அதற்குக் கட்டைவிரலை உயர்த்தினார்.

வரதன் மாமா வீட்டுப் பின்பக்கத்தில் அறைகள் கட்டி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒடிசா பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர் எழுதினார்: 'என் வீட்டுப் பசங்க வருஷக்கணக்கா இருக்காங்க. ஒரு தப்புத்தண்டா இல்ல. நேர்ல பாக்காம யாரையும் பேசாதீங்க.'

அப்பா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா போனை வாய்க்கு அருகே வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டேய் கொல்டி, நீயே வந்தேறி. அதான் வந்தேறிக்கு ஊடு உட்டுப் பொழைக்கிற."

"இன்னாத்துக்கு இதெல்லாம்? நாலு பேரு படிப்பாங்க" என்றார் அம்மா.

"அவன் சிரிப்பான். நீ கீரைய பாரு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று அம்மா இப்போதும் சொல்கிறார். போன் சொன்னதை எழுதியது. சிரிப்பை எழுதவில்லை.

மாமா பதில் எழுதுவதற்குள் ஜெகன் எழுதிவிட்டார்: 'சூப்பர் அண்ணே. வந்தேறிங்க மொத்தத்தையும் வெரட்டணும்.' அவருக்கு இவர்கள் இருவரையும் தெரியாது. அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் கை தட்டினார்கள். ஒருவர், தெலுங்குக்காரர்கள் எல்லோருமே காரியக்காரர்கள், நம்பக் கூடாது என்று எழுதினார். அப்பாவின் ஒரு வரிக்குக் கீழே ஊர் கூடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மாமாவின் பதில் வந்தது. 'எங்க தாத்தா வெட்டின கிணத்துத் தண்ணிதான் இந்த ஊரே குடிச்சுது. எங்க களத்து வாசல்ல கைகட்டி நின்ன குடும்பமெல்லாம் இன்னைக்கு என்னை வந்தேறின்னு சொல்லுது.'

அப்பா படித்தார். போனை டிவி மேஜையில் வைத்தார். திரும்ப எடுத்துப் படித்தார். இந்த முறை வாயால் சொல்லவில்லை. இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினார். 'உங்கப்பன் குடிச்சே அழிச்சான். மிச்சத்துல நீ ரூம் கட்டி திருடனுங்கள வெச்சித் தின்ற. ஆந்திராவுக்கு வண்டி ஏறு.' அனுப்பினார். அடுத்து மாமாவைக் குரூப்பிலிருந்து நீக்கினார்.

நான் ஆபீஸ் முடிந்து வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா இப்படி?"

"களத்து வாசல்ன்றான்மா. எங்கப்பன சொல்றான்."

"நீ அவங்கப்பாவச் சொல்லலியா?"

"மொதல்ல ஆரம்பிச்சது அவன்."

அவர்தான் ஆரம்பித்தார் என்று அவருக்கும் தெரியும். பைக் பிறகு கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஜோதி, நீ கம்ப்யூட்டர்லதானே கீற. போட்டத எடுக்க முடியாதா?"

"உடனே எடுத்திருந்தா எல்லார் போன்லேர்ந்தும் போயிருக்கும்பா. இப்ப எடுத்தா உன் போன்லேர்ந்து மட்டும்தான் போவும்."

"எனுக்கு மட்டும் அழிஞ்சா இன்னா பிரயோஜனம்?"

கேட்டாரே தவிர, அழித்துவிட்டார். தன்னுடைய இரண்டு செய்திகளை மட்டும் அழித்தார். மாமாவுடையதைத் தொடவில்லை. தான் சொன்னதைத் தான் எடுக்கலாம், அவன் சொன்னதை அவன்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். கேட்டால் சரியாகத்தான் படும்.

விளைவு வேறாக இருந்தது. அதன்பின் அவர் போனைத் திறந்து மேலே தள்ளிப் பார்க்கும்போதெல்லாம், முதலில் அந்த ஆடியோ, பிறகு மாமா தன் வீட்டுப் பையன்களுக்காகப் பேசியது, பிறகு மற்றவர்களின் கைதட்டல், உடனே களத்து வாசல். அப்பாவின் போனில் மாமா காரணமில்லாமல் அவருடைய குடும்பத்தை இழுத்து அவமானப்படுத்தியிருந்தார். அப்பா அதைத் தினமும் படித்தார்.

வரதன் மாமாவின் மனைவி வடிவு அத்தை ஒவ்வொரு உகாதிக்கும் எங்கள் வீட்டுக்கு வேப்பம்பூ போட்ட பச்சடி கொடுத்து அனுப்புவார். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து தவறியதில்லை. இந்த உகாதிக்கு வரவில்லை. அப்பா காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அம்மா.

"பச்சடி எங்கன்னு கேட்டுகினு வரேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவுக்கு மன்னிப்பு என்று ஒரு சொல் வாயில் வராது. பச்சடி எங்கே என்று கேட்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. மாமாவுக்கும் அது போதும்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இன்னா ஆச்சு?"

"முனைல நின்னு போன ஒருதபா பாத்தேன். இதப் பாத்தா எனுக்கு ரத்தம் கொதிக்குது. அவன் இப்டி எழுதற அளவுக்கு நான் இன்னா சொல்லிட்டேன்?"

"நீ சொன்னதத்தான் நீயே அழிச்சிட்டியேப்பா" என்றேன்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வெயில் தாழட்டும். அப்பறமா போறேன்" என்றார். அப்போதே இருட்டத் தொடங்கியிருந்தது.

கோடை முழுவதும் வெயில் தாழவில்லை. ஒருநாள் விடிந்ததும் குளிக்கப் போனவர் கதவைத் திறக்கவில்லை. மாரடைப்பு. ஆம்புலன்ஸில் வந்தவர் பார்த்துவிட்டு, ஏற்ற வேண்டாம் என்றார்.

ஐயப்பன்தாங்கலிலிருந்து அம்மாவின் தம்பி குணசேகரன் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். ஐஸ் பெட்டி, பந்தல், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர், மேளம், வண்டி. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யார் யாருக்குச் சொல்லணும்?"

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை ஆள் போய்ச் சொல்ல வேண்டும். பேச்சு அறுந்த வீடு என்றால் கட்டாயம் ஒருவர் போய் வாசலில் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவர்கள் வந்தாக வேண்டும். வந்து மாலை போட்டுவிட்டால் நடுவில் இருந்தது முடிந்தது. சொல்லாமல் விட்டால், நீ வர வேண்டாம் என்று எங்கள் வீடே சொன்னதாக அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"சொந்தத்துக்குப் போன் பண்ணிடுங்க மாமா. ஊருக்கு நான் குரூப்ல போட்டுட்டேன். எல்லாரும் பாத்துட்டாங்க" என்றேன்.

அனுப்பிய செய்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததா என்று சோதிப்பதுதான் ஆபீஸில் என் வேலை.

மாலையில் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றுவிட்டோம். வண்டி வரதன் மாமாவின் தெரு வழியாகத்தான் திரும்பியது. அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. பிறகு மேளம் சிறிதாகி நின்றது. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டோம். அம்மா சுவரோரம் உட்கார்ந்தவர், ஏதோ நினைவு வந்ததுபோலத் தலையைத் தூக்கினார்.

"வரதன் அண்ணன் வரலியே."

எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"அவருக்குப் போயிச் சொன்னது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்தேன். ஈரத் தலையோடு செருப்பைத் தேடினேன். சித்தி கையைப் பிடித்தார். "தீட்டோட யாரு ஊட்டுக்கும் போவக் கூடாது பாப்பா."

"வாசல்ல நின்னு சொல்லிட்டு வரட்டும், உடு" என்றார் அம்மா.

மாமா வீட்டு கேட்டுக்கு முன்னால் ரோட்டில் பூ கிடந்தது. வண்டியிலிருந்து வீசியது. தெருவில் மற்ற வாசல்களில் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இங்கே பெருக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு. நாற்காலியின் கையில் ஒரு பை தொங்கியது. பையிலிருந்து ரோஜா மாலையின் நுனி வெளியே தெரிந்தது, வாடியிருந்தது. வடிவு அத்தை கதவருகே நின்றார்.

நான் வெளியே நின்று கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அப்பா தவறிட்டாரு."

என்னைப் பார்த்தார். "எப்போம்மா?"

"காலைல."

"எப்போ எடுக்கறீங்க?"

சாவைச் சொல்ல வருகிறவரிடம் கேட்கும் கேள்விகள். அவர் வாசலைத் தாண்டித்தான் வண்டி போனது.

"காலைலேர்ந்து இப்டியே குந்திகினு கீறாரும்மா" என்றார் வடிவு அத்தை. "பேனர பாத்துட்டு ஓடிப்போயி மாலை வாங்கியாந்தாரு. போயிட்டு வா, இதுல இன்னா கவுரவம்னு எத்தினி தபா சொன்னேன். யாராச்சும் வந்து சொல்லட்டும், சொன்னா போறேன்னு..."

"எப்டிப் போறது?" என்றார் மாமா. "நான் போயி நிக்கறேன், உன்ன யாருய்யா கூப்டதுன்னு ஒருத்தன் கேட்டுட்டா? அவன் எழுந்து வந்து, என் ஆளுதாம்பான்னு சொல்லுவானா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து கேட்டின் கம்பி வழியாகக் காட்டினார். பழைய குரூப்தான். அப்பா தன் போனில் அழித்தது எல்லாம் இங்கே இருந்தது. கடைசி வரி போன் தானாக எழுதுவது: மதுரைவீரன் உங்களை அகற்றினார்.

"கொல்டின்னான். எப்பவும் சொல்றதுதான். கண்டவன் வந்து கை தட்டுனான், அதுல எனுக்கு வெறி ஏறிச்சு. நான் அவங்கப்பன சொன்னேன், அவன் எங்கப்பன சொன்னான். அதெல்லாம் வாயில வந்தது. இது வாயில வர்லியே. யோசிச்சு அமுக்கினான்."

"உகாதி அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வரணும்னு சட்டைய மாட்டினாரு மாமா. பச்சடி எங்கன்னு கேட்டுகினு வரேன்னு. முனை வரைக்கும் வந்தாரு."

வடிவு அத்தை சொன்னார்: "செஞ்சேம்மா. டப்பால போட்டு மூடிகூட வெச்சேன். இவருதான், அவன் வந்து கேக்கட்டும்னாரு."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள வாம்மா" என்றார்.

"இல்ல மாமா. தீட்டு. வாசல்ல நின்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க அம்மா."

நான் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் முகம் மாறியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கேட்டின் ஒரு கதவைத் திறந்தார். இன்னொரு கதவு அடியில் தாழ்ப்பாள் போட்டுத் துருப்பிடித்திருந்தது. குனிந்து, உதைத்து, அதையும் திறந்தார்.

"உள்ள வந்து சொல்லு."

வடிவு அத்தை தடுக்கவில்லை. நான் உள்ளே போனேன். அவர் எதிரில் நின்று இன்னொரு முறை சொன்னேன்.

"மாமா, அப்பா தவறிட்டாரு."

அப்போதுதான் அழுதார். அப்பாவின் விரல் போன கையைப் பிடித்திருப்பதுபோலத் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நாளை காலை பால் ஊற்றுகிறோம், வாங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்பாவின் போன் என் கையில் இருந்தது. இப்போது நான்தான் அட்மின். "குரூப்ல உங்கள திரும்ப சேத்துடட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. எதுனா இருந்தா நீ வந்து சொல்லு."

மறுநாள் இடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். திரும்பி வந்ததும் குணசேகரன் மாமாவைக் கேட்டேன்.

"வந்தாரும்மா. எங்களுக்கு முன்னாடியே வந்து நின்னுகினு இருந்தாரு. பாலு ஊத்துனாரு. ஒரு காஞ்ச மாலைய மண்ணு மேல வெச்சாரு."

"ஏதாச்சும் பேசினாரா?"

"எங்ககிட்ட பேசல. குந்திகினு மண்ணாண்ட குனிஞ்சு ரொம்ப நேரம் என்னமோ சொல்லிகினு இருந்தாரு. நடுவுல ஒருதபா சிரிச்சாப்லகூட இருந்துது."

"என்ன சொன்னாரு?"

"எல்லாம் தெலுங்கு. எங்களுக்கு இன்னா தெரியும்?"

எங்கள் வீட்டில் தெலுங்கு தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.